மீட்டர் மாட்டுவதற்கு முன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூசை முடிந்து மூன்றாவது வாரம், மலேசியாவின் ஜொகூர் பாருவில், தம்போய் பக்கம் ஒரு கார் பட்டறையில் நடந்தது இது. என் வேனுக்குச் சோதனை என்று சொல்லித்தான் போனோம். ஆனால் என்னைத்தான் சோதிக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன். அவசரமில்லாமல் கேளுங்கள்.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. லாயாங் லாயாங் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருடம் படித்ததோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவேன். ஆனால் வண்டி ஓட்டுவதில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நாற்பதாவது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். சாலை விதிப் பரீட்சையில் ஒருவர் கேள்வியை வாசிக்க, நான் வாயால் பதில் சொல்லித் தேறினேன். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். ஒரு பிள்ளைக்கு நகத்தில்கூடக் கீறல் பட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்திய பிறகும் நான் வேனை விற்கவில்லை. என் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். அவளைக் கொண்டுபோய் விடுவதும், நான்கு மணி நேரம் காத்திருந்து கூட்டி வருவதும் என் வேலை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “மெதுவா போக்கா” என்பாள். நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது களைத்துத் தூங்கிவிடுவாள். அவள் தலை ஆடாமல் வண்டியைக் கொண்டு வருவேன். வாடகைக் காரில் போனால் அப்படி யார் ஓட்டுவார்கள்?

அந்த ஆயுத பூசைக்குப் பிறகுதான் ஸ்டேரிங் கனக்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது லேசாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்துவதற்காகத் திருப்பி ஒடிக்கும்போது மட்டும், யாரோ அடியில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி இறுகிவிடும். ஒரு நாள் ஒடிக்க முடியாமல் தூணில் உரசிவிட்டேன். கதவு நசுங்கிவிட்டது. தங்கை உள்ளேதான் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அவள் ‘மெதுவா’ என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

என் மகள் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். சேதி கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். மருமகன் வேனை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “நல்லாத்தானே இருக்கு” என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வண்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க கைதான் போச்சு. போதும்மா, வித்துரலாம். சின்னம்மாவுக்கு வேற வழி பார்த்துக்கலாம்.”

அவள் போன பிறகு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தேன். திறந்தது. போர்வையை நனைத்துப் பிழிந்து பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தேன். ஆனாலும் வேனில் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்தால் சந்தேகம் வந்துவிடும். பிள்ளை சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஸ்டேரிங் வேலையில் கைதேர்ந்தவர் என்று பேர் எடுத்த ஒருவர் தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்தார். அவர் மீட்டர் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். வண்டி மேல் குற்றம் இல்லை என்றால் சாவியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். அவள் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள், தீர்ப்பைத் தன் காதால் கேட்க.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மனைவி முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து சாமான் கணக்கு, போன் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா. என்னா பிரச்சனை, ஸ்டேரிங்கா ஓட்டுறவங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார் பட்டறைக்காரர்.

தெரியாமல் கேட்டதுதான். எனக்குச் சுருக்கென்றது. “அதைத்தான் தம்பி நீங்க சொல்லணும்” என்றேன். எப்போது இறுகுகிறது என்பதையும், தூணில் உரசியதையும் சொன்னேன்.

அவர் ஏறி உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் வேன் சாதுப் பிள்ளையாகத் திரும்பியது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்தேன்.

“சூடு ஏறினாத்தான் இறுகுதுன்னா பம்ப்பா இருக்கலாம்” என்றார் அவர். “பம்ப்பு எண்ணெய தள்ளினாத்தான் ஸ்டேரிங் லேசா இருக்கும். பம்ப்புக்கும் அதுல இருந்து போற குழாய்க்கும் நடுவுல மீட்டர மாட்டுவேன். எவ்ளோ தள்ளுதுன்னு முள்ளு காட்டிரும். அதுக்கு இவங்க வேண்டியவங்க, அவங்க வேண்டாதவங்கன்னு தெரியாதும்மா.”

“தள்ளுறது சரியா இருந்துட்டா?” என்று மகள் கேட்டாள்.

“அப்ப பம்ப்பு மேல தப்பு இல்ல” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மகள் என் கைகளைப் பார்த்தாள்.

எனக்கு எப்படியாவது சட்டென்று முடிந்தால் போதும் என்று இருந்தது. மீட்டர் பெட்டி மேசை மேலேயே இருந்தது. ஆனால் அந்த மனிதர் அதைத் தொடவே இல்லை. முதலில் நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தார். முன் டயரில் கொஞ்சம் குறைந்திருந்தது, அடித்தார். பிறகு முன் சீட்டைத் தூக்கினார். எங்கள் வேனில் எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. ஸ்டேரிங் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, அளவு சரியா, நுரை இருக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் முட்டுக் கொடுத்தார். கீழே படுத்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். மீட்டர் மாட்ட வேண்டிய இடத்தைச் சுற்றிப் பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கினார். ஒரு மணல் அளவு அழுக்கு உள்ளே போனாலும் பம்ப்பு கெட்டுவிடுமாம். அடியில் ஒரு தட்டு வைத்தார். எண்ணெயின் சூடு பார்க்க ஒரு குச்சி எடுத்து வைத்தார்.

“இன்னும் மீட்டர மாட்டலையா?” என்று நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

“இவரு அப்படித்தான் ஆன்ட்டி” என்றார் மனைவி. “மாட்டுறது பத்து நிமிஷம், அதுக்கு ரெடி பண்றது ஒரு மணி நேரம். எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பார்க்கல.”

“பார்த்திருந்தா தப்பிச்சிருப்பேன்லா” என்று வேனுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

என் மகள்கூடச் சிரித்துவிட்டாள். அவர் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்காம மாட்டினா, மீட்டர் தப்பா காட்டும்மா. ஒரு பாவமும் செய்யாத பம்ப்ப கழட்டித் தூக்கிப் போட்டுருவோம். சரி, கடைசியா இந்த எஞ்சின்ல கை வெச்சது யாரு?”

போன மாதம் எஞ்சின் ஆயில் மாற்றினேன் என்று சொல்லி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பட்டறையைச் சொன்னேன். அதை நடத்துகிறவன் ஆறு வருடம் என் வேனில் பள்ளிக்கூடம் போன பிள்ளைதான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

“அட! அது நம்ம மச்சான் கடை!” என்றார் அவர். கண்ணில் ஒரு குறும்பு வந்துவிட்டது. மேசையில் இருந்த மனைவியின் கூடப் பிறந்த தம்பிதான் அவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “வேற யாராச்சும் தொட்டாங்களாம்மா?”

“ஒருத்தரும் தொடல” என்றேன். அப்போது நான் சொன்னது பொய் இல்லை. உண்மையாகவே எனக்கு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட்டைக் கடைசியாகப் பார்த்தார். கட்டை விரலால் அழுத்தினார். டார்ச் அடித்தார். இன்னொரு தடவை அழுத்தினார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தார். “இங்க வந்து இத மோந்து பாரேன்.”

மனைவி எழுந்து வந்து அவர் விரலை மோந்து பார்த்தார். “தேங்கா எண்ணெய்லா!”

அவ்வளவுதான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஆயுத பூசை அன்று காலையில் வேனைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தெருவே பார்க்க ஸ்டார்ட் செய்தேன். கீச்சென்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், பெல்ட்டுதான் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கத்துகிற எதற்கும் ஒரே மருந்துதான். கேட்டுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு, ஏன், என் முழங்காலுக்கும் தேங்காய் எண்ணெய்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைத் துணியில் தொட்டு பெல்ட் முழுக்கத் தடவினேன். திரும்ப ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. என்னைப் போல யார் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே அதை மறந்தும்விட்டேன்.

இத்தனையும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. அதற்குள் பட்டறைக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

“இன்னிக்கு மாட்டினான் மச்சான். தன்னைவிட்டா ஆள் இல்லன்னு சுத்திக்கிட்டு இருந்தான்ல.”

“என் தம்பி எதுக்குங்க தேங்கா எண்ணெய் வைக்கப் போறான்? அவன் என்னா கடையில சமையலா பண்றான்?”

“கடைசியா கை வெச்சது அவன்தான். அம்மாவே சொன்னாங்கல்ல.”

மனைவியின் முகம் வாடிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, “வேற யாரும் தொடலதானே ஆன்ட்டி?” என்று கேட்டார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். கதவை நசுக்கினது ஒன்று. இனி, வண்டியைக் கெடுத்ததும் அம்மாதான், கெடுத்ததையே மறந்ததும் அம்மாதான் என்றால் அவள் வேறு எந்த மீட்டரையும் பார்க்க வேண்டியதில்லை. சாவியைக் கேட்டு அங்கேயே கை நீட்டியிருப்பாள். நாளைக் காலை தங்கை யாரோ ஒருத்தருடைய காரில் ஏற வேண்டும். நான் பேசாமல் நின்றேன். சும்மா நின்றது மட்டுமில்லை, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல முகத்தை வேறு வைத்துக்கொண்டேன்.

போனில் மணி அடித்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“சொல்லுங்க மாமா.”

“என்னா மச்சான், பெல்ட்டுக்கெல்லாம் தாளிச்சு விட ஆரம்பிச்சிட்டியா?”

“என்னா சொல்றீங்க? எந்த வண்டி?”

“ஸ்கூல் வேன் ஓட்டுனாங்களே, அந்த அம்மா வண்டி. பெல்ட்டு பூரா எண்ணெய். சறுக்கிச் சறுக்கி ஸ்டேரிங் இறுகி, தூண்ல போய் இடிச்சிருக்காங்க.”

அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது.

“ஆன்ட்டிக்கு அடி கிடி ஒண்ணும் இல்லையே மாமா? நான் பெல்ட்ட தொட்ட ஞாபகம் இல்ல. ஆனா ஆயில் ஊத்தும்போது என் கையில இருந்து ஏதாச்சும் சிந்தி இருக்கும் போல. எந்தப் பிழையா இருந்தாலும் நான் வந்து பார்க்குறேன். ஆன்ட்டிகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்க.”

நான் செய்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கிறான். ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல் ஓட்டினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

“நான்தான் பூசினேன்” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சத்தமாகச் சொன்னேன். “அவன் இல்ல தம்பி. நான்தான் பெல்ட்டுக்கு எண்ணெய் தடவுனேன். பூசை அன்னிக்குக் கத்துச்சு, தடவிட்டேன்.”

பட்டறைக்காரர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தம்பி தப்பித்த சந்தோஷமும் அதில் இருந்தது. போனுக்குள்ளிருந்து அவனும் சிரித்தான்.

“ஆன்ட்டி, அடுத்த தடவ சீயக்காயும் தேய்ச்சு நல்லா குளிப்பாட்டி விட்டுருங்க. சறுக்காது.”

“போடா” என்றேன். பிறகு, “மன்னிச்சுக்கப்பா” என்றும் சொன்னேன். வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத சொல் அது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. “ஏன்மா முன்னாடியே சொல்லல?” என்றாள்.

“நெஜமா மறந்துட்டேன். அவரு மோந்து பார்த்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. வந்த பிறகு பயம் வந்திருச்சு. நீ சாவிய வாங்கிருவேன்னு.”

அவள் என் தோள் பட்டையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

எண்ணெய் பட்ட ரப்பர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரு மாதிரி பிடிக்குமாம், சூடேறினால் சறுக்குமாம். பெல்ட் சறுக்கினால் பம்ப்பு சரியாகச் சுற்றாது. அதனால்தான் கிளம்பும்போது லேசாக இருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் இறுகியது. மருமகன் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார், அவர் கைக்கு அது அகப்படவில்லை. கத்துகிற பெல்ட்டுக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, அதை இழுத்து முறுக்க வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பழைய பெல்ட்டைக் கழற்றி, அது ஓடுகிற சக்கரங்களை மருந்து அடித்துக் கழுவி, புதியதைப் போட்டார்.

“சரியாப் போச்சுல்ல, கிளம்பலாமா?” என்றேன்.

“இல்லம்மா. உங்க மகளுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது” என்று சொல்லி, அப்போதுதான் மீட்டர் பெட்டியைத் திறந்தார்.

குழாயைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி வெளியே போக ஸ்டேரிங்கை இடமும் வலமும் பல தடவை ஒடித்தார். எண்ணெய் சூடாகும் வரை காத்திருந்தார். பிறகு மீட்டரில் இருந்த ஒரு சின்னத் திருகை மூடி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிச் சட்டென்று திறந்துவிட்டார். அதற்கு மேல் மூடி வைத்தால் பம்ப்பு தாங்காதாம். அந்த மூன்று எண்ணுவதற்குள் முள் விறுவிறுவென்று ஏறி நின்றதை நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம்.

“பம்ப்பு கல்லு மாதிரி இருக்கு” என்றார்.

வண்டியை இறக்கி, சீட்டைப் போட்டு மூடியதும், “நீங்க ஏறுங்கம்மா” என்றாள் மகள். எஞ்சின் சூடாகத்தான் இருந்தது. பட்டறை முற்றத்தில் இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு இடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன், ஒடித்தேன், ரிவர்ஸ் எடுத்தேன், ஒரே ஒடிப்பில் நேராகப் போய் நின்றேன். ஸ்டேரிங் என் விரலுக்கே திரும்பியது. இறங்கி வரும்போது என் நடை கொஞ்சம் மாறியிருக்கும். அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

“இதுல நான் ஓட்டியிருந்தா ரெண்டு காரும் போயிருக்கும்” என்றார் பட்டறைக்காரரின் மனைவி.

மகள் சாவியைக் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் இரண்டு நிபந்தனை போட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் கண்ணையும் கையையும் காட்ட வேண்டும். வண்டியில் எது மாறினாலும் அன்றைக்கே அவளுக்குப் போன் போட வேண்டும். முன்பு என்றால் நான் முறைத்திருப்பேன். அன்று சரி என்றேன். இன்றுவரை இரண்டையும் செய்துகொண்டு வருகிறேன். டாக்டர் இன்னும் ஓட்டலாம் என்றுதான் சொல்கிறார். தங்கையை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சில நேரம் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து அந்த நாளை நினைத்துப் பார்ப்பேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் பெல்ட்டை மாற்றியிருப்பார்கள், வேனும் என்னிடம்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் கடையைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போயிருப்பேன். இப்போது ஹாரன் அடித்துவிட்டுப் போகிறேன். ஒரு பொய்யும் சொல்லாமல், சும்மா நின்றே அடுத்தவன் மேல் பழி விழ விடுகிற ஆள் நான் என்று எழுபது வயதில்தான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து, வீட்டில் எது கெட்டுப்போனாலும் யாரையும் கேட்பதற்கு முன்னால் என் கை என்ன செய்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வந்தால் அப்போதே சொல்லிவிடுகிறேன், சொன்ன பிறகு சோறு நன்றாக இறங்குகிறது.